இரண்டாவது பட்டியல்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி வழக்கம்போல் வந்து போகிறது. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தங்கை நன்றாக இருக்கிறாள். இப்படி எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன். வேளைக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னோடு கடைக்கு வருகிறாள். அந்த அளவுக்கு நன்றாகத்தான் இருக்கிறாள்.

நான் கடிதம் எழுதுவது உனக்கு அதிசயமாக இருக்கும். நம் வீட்டில் எழுதுவது அம்மாவின் வேலை, வாசிப்பது தங்கையின் வேலை, உட்கார்ந்து கேட்பது மட்டும்தான் என் வேலை. ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவர் தனக்கு ஒன்று போட மாட்டேன் என்கிறாரே என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். இதை எழுதுவதற்காக ஷோகேஸிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறேன். நன்றாகவே தெரிகிறது. அம்மாவிடம் சொல்லிவிடாதே, அப்புறம் தினமும் போடச் சொல்லுவாள்.

கடையில் வியாபாரம் மோசமில்லை. பக்கத்து முடிதிருத்தகத்தில் பெரிய கண்ணாடி மாற்றினார்கள். அதைத் தூக்கி வைக்க நானும் ஒரு கை கொடுத்துவிட்டு மூன்று நாள் தோள்பட்டையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை கேட்கிறார்கள் என்பதால் லாரி டிரைவர்கள் வரிசையாக வருகிறார்கள். எழுத்துப் பலகையைக் காட்டிப் பரிசோதிப்பதெல்லாம் இப்போது தங்கைதான். நேற்று ஒருவர் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து மடமடவென்று ஒப்பித்தார். இவள் சத்தம் போடாமல் பலகையைத் திருப்பி மறுபக்கம் மாட்டினாள். மனிதர் அசடு வழிந்துவிட்டு, "சரிம்மா, எந்தக் கண்ணாடியோ அதையே குடு" என்று உட்கார்ந்துவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் போன கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கப்படி ராத்திரிச் சாப்பாட்டின்போது தங்கை உரக்க வாசித்தாள். பசுவுக்கு ஊசி போடப் போய் நீ சாணத்தில் வழுக்கி விழுந்ததைப் படித்தபோது அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். கால்நடை மருத்துவம் படிக்கப் போனவள் கால்நடையிடம் உதை வாங்காமல் வந்தாளே என்று நானும் சொன்னேன்.

அதற்கு அடுத்த பக்கத்தில்தான் நீ அதை எழுதியிருந்தாய். கல்லூரியில் இடம் நிரம்பவில்லை என்று நுழைவுத் தேர்வுக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணை அறுபதிலிருந்து ஐம்பத்தைந்தாக இறக்கிவிட்டார்கள், இரண்டாவது பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் வருகிறவர்களுக்கு ஹாஸ்டலில் "தள்ளுபடி" என்று பெயர். ஒரு பெண் பெட்டியோடு வந்து இறங்கியதும் மாடியிலிருந்து எல்லோரும் "தள்ளுபடி வந்தாச்சு" என்று கத்தினீர்கள், சிரிப்பு தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த இரண்டாவது பட்டியலில் உன் தங்கையும் இருக்கிறாள். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் சேர்க்கை உத்தரவு வந்தது. அதே கல்லூரி, அதே படிப்பு. உனக்கு எழுத வேண்டும் என்று அம்மா துடித்தாள். "யாரும் வாயைத் திறக்கக் கூடாது, நேரா போய் அவ முன்னாடி நிக்கப் போறேன், அப்ப அவ முகம் போற போக்கைப் பார்க்கணும்" என்று இவள்தான் எங்கள் வாயைக் கட்டிவிட்டாள். ஆகவே உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் எழுதினாய். தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டாய். ஆனாலும் மாடியில் நின்று கத்தியதில் எனக்கு வருத்தம் உண்டு. வந்து இறங்கிய பெண்ணும் ஒரு வீட்டிலிருந்துதான் வந்திருப்பாள்.

தங்கை வாசிப்பை நடுவில் நிறுத்தவே இல்லை. குரல்கூட மாறவில்லை. அந்தப் பக்கத்தை முழுசாக வாசித்து, "இப்படிக்கு அன்பு மகள்" வரைக்கும் வந்து, மடித்து உறையில் போட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்னாள். மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போது, "நான் போகலப்பா" என்றாள்.

உன் சித்தப்பா கல்வி அலுவலகத்தில் இருப்பவராயிற்றே, அவரைக் கூப்பிட்டுப் பேசவைத்தேன். அவர் வந்து ஒரு மணி நேரம் விளக்கினார். அறுபது என்பது ஆண்டவன் போட்ட கணக்கு இல்லையாம், எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை பேர் எழுதினார்கள் என்று பார்த்து ஆறேழு பேர் உட்கார்ந்து முடிவு செய்வதாம், ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் இறங்குமாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது எனக்குத் தெரியும் சித்தப்பா, மாடியில நிக்கிறவங்களுக்குத் தெரியணுமே" என்றாள். சித்தப்பா டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அளவே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். இத்தனை வருஷமாக எழுத்துப் பலகையோடு பிழைக்கிறவன். இந்த வரி வரைக்கும் படித்தால்தான் லாரி ஓட்டலாம் என்று ஒரு கோடு வேண்டும்தான். அந்த வரியில் தடுமாறி ஒரு எழுத்தில் தப்பித்துப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒரு எழுத்தில் திரும்பிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். தப்பித்துப் போனவர் திரும்பிப் போனவரைப் பார்த்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. நீ வாங்கியது அறுபத்தொன்று. அவள் வாங்கியது ஐம்பத்தேழு, உன்னிடம் "கிடைக்கல" என்று மட்டும் சொல்லி அவள் மறைத்த எண் அது. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீ கெட்டிக்காரிதான், ராப்பகலாகப் படித்தாய், நான் கண்ணால் பார்த்தேன். அவளும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் படித்தாள்.

இன்னொன்றும் யோசித்துப் பார். இரட்டைப் பிள்ளைகளான நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு. கண்ணாடி போட்டவள் நீ, போடாதவள் அவள், தெருவில் உங்களுக்கு அடையாளம் அவ்வளவுதான். நாளைக்கு அவளைத் தள்ளுபடி என்று கூப்பிட வாயெடுக்கிறவர்கள் உன் முகத்தைப் பார்த்துத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

சேருவதற்குக் கடைசி நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அது தாண்டினால் இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். அடுத்த வருஷம் மறுபடி எழுதுவாளா என்றால், எனக்குத் தெரிந்து எழுத மாட்டாள். தேர்வுப் புத்தகங்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி, யாராவது கேட்டால் கொடுத்துவிடு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

இதற்குப் பதில் கடிதம் போடாதே. வந்தால் அவள்தான் வாசிப்பாள். போனிலும் சொல்ல முடியாது, கடையில் போன் அவள் மேஜைமேல் இருக்கிறது. வீட்டிலோ அம்மா காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். நீயே நேரில் வா. இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினால் ஞாயிறு எங்களோடு இருந்துவிட்டுத் திங்கள் காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம். வார்டனிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

வந்ததும் மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே. "நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள், அப்புறம் அவளிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது. அவள் பெட்டியை எடுத்து வைத்துத் துணிகளை நீயே அடுக்க ஆரம்பி. நீ அடுக்கினால் அவளுக்குப் பிடிக்காது. கலைத்துப்போட்டுவிட்டு அவளே அடுக்குவாள். அவள் சுபாவம் எனக்குத் தெரியும், உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நேற்று ஷோகேஸைத் துடைத்துக்கொண்டே, "நான் போய்ட்டா கடையை யாருப்பா பார்ப்பா?" என்றாள். போகாமல் இருக்க அவளுக்குக் கையில் கிடைத்த நல்ல காரணம் அதுதான், அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "நீ வர்றதுக்கு முன்னாடி கடை நடக்கலையா? நீ வந்ததுலேருந்து எனக்கு ஒரு வேலைக்கு ரெண்டு வேலையாத்தான் இருக்கு" என்று சொன்னேன். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு, "சரிப்பா" என்றாள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தன் மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

உண்மை என்னவென்றால், கொஞ்ச காலமாக எனக்குக் கை நடுங்குகிறது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஃப்ரேமில் சின்ன ஸ்க்ரூ முடுக்கும்போது மட்டும். அதை ஒருநாள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து சின்ன ஸ்க்ரூ வேலையெல்லாம் தானாகவே அவள் மேஜைக்குப் போய்விடுகிறது. வருகிறவர்களும் இப்போது "பாப்பா இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். அவள் போனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான். அதற்காக ஒரு பெண்ணைக் கடையில் உட்காரவைத்துக்கொள்ள முடியாது. ஒரு ஆளை வேலைக்குப் போட்டுக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே.

இரண்டு பேரும் நன்றாகப் படியுங்கள். ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள். நான் வேண்டுவது இதைத்தான்.

நேற்று நான் அவளிடம் சொன்னது பொய் என்று நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும். பஸ் ஊரைத் தாண்டி ரொம்ப தூரம் போன பிறகு சொல். முன்னாலேயே சொன்னால் இறங்கிவிடுவாள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருடைய அப்பா