சூசையப்பர் மேல் போர்த்திய ஊதா

21 பிப்ரவரி 1953, சனி

உண்ணிச்செடி இலையைப் படிகாரம் போட்டுக் கொதிக்கவைத்தேன். நல்ல மஞ்சள். மலையடிவாரம் முழுக்க அடைத்து வளர்கிறது, ஆடுகூடத் தொடுவதில்லை. கப்பலில் வந்த செடி என்கிறது நூலகப் புத்தகம். என் முதல் சாயம். “சும்னே பீத்திக்காதடி, அது அம்மா பால் காய்ச்சுற பாத்திரம்” என்றாள் ஹில்டா அக்கா.

7 மார்ச்

தவக்காலக் கடைசியில் கோயிலில் சூசையப்பர் முதலான சுரூபங்களை மூடும் ஊதாத் துணிகளை எலி குதறிவிட்டது. அலமாரியைப் பூட்ட மறந்தவர், கோயில் சாவிகளை வைத்திருக்கும் கோயில்பிள்ளை ஸ்டானிஸ்லாஸ் மாமா. இன்னொரு தவறு நடந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். வேலை போனால் கோயில் வளாகத்து அறையும் போகும். மாமாவின் மனைவி சகாயமேரி அத்தைக்கு இது ஏழாம் மாதம். நானே போய்ச் சொன்னேன்: வெள்ளைத் துணி கொடுங்கள், ஊதாவாக்கித் தருகிறேன்.

14 மார்ச்

சப்பாத்திக்கள்ளிப் பழம் இரண்டு கூடை. அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்து வேலிக்கு வேலி பரவியதுதான். சாற்றில் சலவை நீலம் கலந்ததும் பிஷப் அங்கியின் நிறம். விரலெல்லாம் பொடி முள். மாமா துணியைத் தூக்கிப் பார்த்து, “வெளுக்காதில்ல பாப்பா?” என்றார். வெளுக்காது மாமா என்றேன். போன வாரம் இதே சாயத்தில் முக்கிப் புத்தகத்துக்குள் வைத்த துண்டு அப்படியே இருந்ததே.

19 மார்ச்

கொடியில் போட்ட சாயத் துண்டு ஐந்து நாளில் டீ நிறமாகிவிட்டது. கோயிலுக்குள் வெயில் ஏது?

21 மார்ச்

சுரூபங்களை மூடியாயிற்று. “சின்னப்புள்ள சாயம்னா சாமியார் ஒத்துக்க மாட்டாரு. கடையில போட்டதுன்னு சொல்லிட்டேன் பாப்பா” என்றார் மாமா. பாராட்டு போயிற்றே என்று இருந்தது. கொடித்துணியைப் பற்றி நான் சொல்லவில்லை.

1 ஏப்ரல், புதன்

கிழக்கு ஜன்னலை நினைக்கவே இல்லை. சூசையப்பர் மேல் பாதி ஊதா, பாதி அழுக்குப் பழுப்பு. “காப்பிய மேல கொட்டிக்கிட்டாரு போல” என்று பாடற்குழுவில் சிரித்தார்கள். எந்தக் கடை என்று சாமியார் கேட்டார். மாமா தலை குனிந்து நின்றார். என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் மாமா சொல்லல? நானாவது வாயத் திறந்திருக்கலாம் — ஜெபப் புத்தகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

2 ஏப்ரல்

மாமாவுக்கு வேலை போயிற்று; ஈஸ்டர் பண்டிகை முடிந்ததும் அவர்கள் அறையைக் காலி செய்ய வேண்டுமாம்.

4 ஏப்ரல், சனி

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வெளுக்குமென்று தெரிந்தும் பேசாமல் இருந்ததையும். சாமியார் பாவமன்னிப்பு கொடுத்தார். பிறகு, “இங்க கேட்டதை வெச்சு நான் வெளிய ஒண்ணும் செய்யக்கூடாதும்மா. என் பங்களாவுக்கு வந்து சொல்லு.”

இது எனக்குத் தெரியாதா? ஞானோபதேசப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பதில். தெரிந்துதான் அங்கே போய்ச் சொன்னேனோ?

7 ஏப்ரல், செவ்வாய்

பங்களாவுக்குப் போய்ச் சொன்னேன். முதல் தடவை கேட்பவர் போலவே சாமியார் கேட்டார். உடனே ஆள் அனுப்பினார். மாமாவும் அத்தையும் காலை பஸ்ஸிலேயே ஹனூருக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிறு, திங்கள். இரண்டு நாள் என்ன செய்துகொண்டிருந்தேன்?

9 மே

நடந்ததை எழுதி, மாமாவைத் திரும்பி வரச் சொல்லியிருந்தார் சாமியார். இன்று பதில் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அத்தையின் கையெழுத்து. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மாமாவுக்கு ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் வேலை. ‘இனிமே சாவி வெச்சிருக்கிற வேலை வேண்டாங்கிறாரு சாமி.’

என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.