சைலன்சர் குழாயில் என் ஐந்து விரல்

என்னங்க, எங்கள் ஜெனியின் ஆசைத் தாத்தாவே,

உங்கள் ராணி நலம். அதைத்தானே முதலில் கேட்பீர்கள்?

கிழட்டுப் பச்சைக் காருக்கு ராணி என்று பெயர். ஞானஸ்நானத்தில் செலின் என்று பெயர் பெற்ற எனக்கு நாற்பது வருடமும் "ஏ புள்ள". இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அடுத்த மாதம் நம் பேத்திக்குக் கல்யாணம். தாத்தா காரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எஞ்சின் ஓடுகிறது. சைலன்சர் குழாய்தான், நீங்கள் கண்மூடியபின், நம் தீவில் இந்த ஹேடோவின் கடற்காற்றில் துருவேறிக் கிடக்கிறது. ஏதோ ஒரு பெயிண்டை அடித்தால் சூட்டில் கருகி, அந்த நாற்றமும் கல்யாணப் பெண்ணோடு கோயில் வாசல்வரை வருமே!

கடையில் ஜெனி பளபளக்கும் வெள்ளி நிற டப்பாவை எடுத்தாள். "பாட்டி, இது மஸ்த்தா இருக்கு!"

திருப்பிப் பார்த்தேன். இருநூறு டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தது. பக்கத்தில் மங்கிய கறுப்பு, அறுநூறு. ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு எண் தெரியாதா?

"எஞ்சின் பக்கத்துல குழாய் அடுப்பாக் கொதிக்கும்டி. அழகு உனக்கு இருந்தாப் போதும். கறுப்பை எடு."

கடைக்காரரே கறுப்பை எடுத்து நீட்டினார். இதெல்லாம் யார் எனக்குச் சொல்லித் தந்தது? நீங்களா? பொறாமைதான். உங்கள் ராணியை நீங்கள் உப்புத்தாளால் தேய்ப்பதையும், தின்னரால் துடைப்பதையும், பெயிண்ட் காய்ந்தபின் எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஓடவிட்டுப் பதமாகச் சுடவைப்பதையும் சமையற்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். என் மீன்குழம்பு இங்கே ஆறிப்போகும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நீங்கள் துடைத்துவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், சூரை மீன் பொரித்த எண்ணெய்க் கையை அந்தக் குழாயில் அழுத்தியது நான்தான். வேண்டுமென்றேதான். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்தது. நீங்கள் பெயிண்டைக் குறை சொல்லி, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வேறு டப்பா வரவழைத்தீர்கள். நான் பாட்டுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இதை மெக்கானிக் செல்வத்திடம் சொன்னேன். காருக்கடியில் படுத்தபடியே சிரித்தான்.

"மைனி, அண்ணனுக்கு அப்பவே மாலும். அஞ்சு விரல் தடமும் அப்படியே இருந்துச்சே. 'இவ்வளவு சின்னக் கை எங்க வீட்டுல ஒருத்திக்குத்தான்டே'ன்னாரு."

"பின்ன ஏன்டே அவரு என்கிட்ட கேக்கல?"

"கேட்டா சண்டைதானே? அதான் அதுக்கப்புறம் பெயிண்ட் அடிக்கிற அன்னைக்கெல்லாம் உங்கள குட்வில் எஸ்டேட்டுக்கு, உங்க தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிருவாரு."

அட பாவி மனுசா! பூ வாங்கித் தந்து, ஆட்டோவில் ஏற்றிவிடுவீர்களே. பாசம் என்று தங்கச்சியிடம் பீற்றிக்கொண்டேனே. என்னிடமிருந்து ராணியைக் காப்பாற்றத்தானா? சின்னக் கை என்று என் கையைப் பிடித்து ஒருநாளாவது சொன்னீர்களா? அதைக் கேட்கவும் செல்வத்துக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறதா?

நாளை மழை இல்லாவிட்டால் நானே அடிக்கப்போகிறேன். தேய்த்த அன்றைக்கே, உப்புக்காற்றில் மறுபடி துரு பிடிக்குமுன், மெல்லிசாக மூன்று பூச்சு. சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிக்கொள்வேன்.

இது வாக்கு: ஜெனி கோயில் வாசலில் இறங்கும்வரை உங்கள் ராணிமேல் எண்ணெய்க் கை படாது. அதற்குப் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. இந்தத் தடவை என்னை ஆட்டோவில் ஏற்றிவிட நீங்கள் இல்லை.

இப்படிக்கு,
சின்னக் கைக்காரி,
உங்கள் வீட்டுக்காரி செலின்