புரொசெக்கோ போட்ட சத்தம்

மச்சான்,

கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தே தொடங்குகிறேன்: இதை ஒருவரும் நம்பப்போவதில்லை. சிட்னி ஹோம்புஷில் நாம் இருவரும் சமைத்துச் சண்டைபிடித்த அதே குசினியில், பிரிட்ஜ் கதவில் நீ விட்டுப்போன புரொசெக்கோப் போத்தல், அந்த இத்தாலி நுரை வைன், நீ போன பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மோட்டார் ஓடத் தொடங்கினால் டிங், டிங். பக்கத்து ஊறுகாய்ப் போத்தல் பயத்தில் வெளிறிவிட்டது. கீழ்வீட்டு நாய் ரயிலேறி நகரத்தை விட்டே ஓடிவிட்டது.

புளுகு எனக்குப் புதிதா? சிட்னிக்கு வரமுன் இத்தாலியில், வால்தோபியாதெனே மலைச்சரிவில் கிளேரா திராட்சை பறித்தவன் நீ. யந்திரம் ஏறாத சரிவு, எல்லாம் கையால்தான் என்பாய். நான் அதை வளர்த்து, அங்கே ஆடுகளும் இடுப்பில் கயிறு கட்டித்தான் மேயும், கை தவறிய கூடை அடுத்த நாட்டில்தான் போய் நிற்கும் என்று கடைகடையாகப் பரப்பினேன். "கொஞ்சம் குறைச்சுச் சொல்லடா, அந்த மலை வெட்கப்படப்போகுது" என்று சிரிப்பாய்.

அந்தப் போத்தலில் மட்டும் உனக்கு விளையாட்டில்லை. உள்ளேயே மறுபடி புளித்து, அடியில் மண்டி தங்கிய பழைய வகை. "தொடாதை. மனுசி வந்திறங்கிற நாளிலைதான் திறக்கிறது." உன் விசா தற்காலிகம், உன் மனைவி யாழ்ப்பாணத்தில். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்றாய். ஒருநாள் காலை, வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய்; பிறகு எழும்பவில்லை.

எட்டாம் நாள் படையலுக்கு நீ விரும்பியதெல்லாம் வைத்தோம்: நண்டுக்கறி, பொரித்த மீன், சாராயம்.

"அந்த இத்தாலிப் போத்தலையும் வையுங்கோ அங்கிள்" என்றார்கள் உன்னோடு வேலைசெய்த பெடியள்.

"அது இவனுக்கில்லை, இவன்ரை மனுசிக்கு" என்று மறித்தேன். அன்றிலிருந்துதான் அந்த டிங், டிங்.

போன ஞாயிறு உன் மனைவி போன் எடுத்தார்.

"அண்ணை, இனி நான் அங்கை வந்து ஆரைப் பாக்கிறது? அதைத் திறவுங்கோ."

"நீங்கள் குடிக்கவேண்டியதெல்லோ தங்கச்சி?"

"ஐயோ, எனக்கு வேண்டாம். அது கிளாசுக்குள்ளை இருந்து கதைக்கும் எண்டு அவர் சொல்லுவார். அதை ஒருக்காக் கேட்டாப் போதும்."

திறந்தேன். தக்கை கூரையைத் துளைத்து, ஒரு விமானத்தைத் திசைதிருப்பி, தூரத்துக் கெல்லிவில்லில் புதுவீடு குடிபுகுந்தவர்களின் பாயசத்துக்குள் விழுந்தது. பச்சை அப்பிளும் புளித்த மாவும் கலந்த வாசம் எழுந்தது. நீ என் பின்னால் வந்து நின்றாய். "சரிச்சு ஊத்தடா, கலங்கப்போகுது" என்றாய். கழுத்தில் உன் மூச்சுப் பட்டது.

நம்பவேண்டாம். கூரை அப்படியேதான் இருக்கிறது, நாய் கீழேதான் குரைக்கிறது, தக்கை என் உள்ளங்கைக்குள்தான் கழன்றது. பின்னால் நீயும் இல்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் உண்மை. கிளாசைப் போனுக்குக் கிட்டப் பிடித்தேன். நுரை சீறி, குமிழ்கள் ஒவ்வொன்றாய் உடைந்து ஓய்ந்தன. பிறகு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ அண்ணை" என்றார்.

ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் மண்டிதான் மிச்சம். அதையும் ஊற்றினேன். அது சத்தம் போடவில்லை. அவர் போனை வைக்கவில்லை. நானும் கிளாசைப் பிடித்தபடியே நின்றேன்.