ஜெயத்திடம் இருக்கும் கார்டு

திண்டிவனம்,
9.1.2025

என்னங்க,

கூரியர் கவரைப் பிரித்ததும் முதலில் மெமரி கார்டைத்தான் தேடியிருப்பீர்கள். அது இதில் இல்லை. போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். பேச்சு வராமல் வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். நான் சுகம். மருந்துக் கடை வேலைக்குப் போய் வருகிறேன். அந்த ஜெர்மனிக் குளிரில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஊரில் மல்லாட்டைப் பயிர் போட்டிருந்த நிலம் முழுவதும் மணல் மூடிக் கிடக்கிறது. மோட்டார் கொட்டகை இருந்த இடமே தெரியவில்லை. அத்தை எழுந்து நடமாடுகிறார்கள், ஆனால் சின்ன மருமகள் ஜெயத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. வெள்ளம் வந்த அன்று காலையில், "மோட்டார ஒரு எட்டு பாத்துட்டு வாங்க" என்று அவள் சொன்னதால்தான் உங்கள் தம்பி ஆற்றுக்குப் போனான் என்று ஊரே நம்புகிறது. அவளும் நம்புகிறாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "நான்தான் அனுப்பினேன், நான்தான் வாரிக் குடுத்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். பொங்கல் கழிந்ததும் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடப் போவதாக அத்தை சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

எனக்கு முதலிலிருந்தே பாதி தெரியும். புயல் மழை கொட்டிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னதுரை எனக்குப் போன் செய்தான். "அண்ணி, அண்ணன் மெஷின ஆத்தோரம் பூவரச மரத்துல கட்டச் சொல்லுச்சு. கவரு போட்டுக் கட்டிட்டேன். பென்னாத்துத் தண்ணி ஜெர்மனில கேக்கப் போவுது பாருங்க" என்று சிரித்தான். மறுநாள் வெள்ளம். மூன்றாம் நாள் கருவேல முள்ளில் அவனை எடுத்தபோது, உங்கள் ரெக்கார்டரின் வார் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. என் வீட்டுக்காரருடையது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

உங்கள் வேலையை நான் ஒருநாளும் மட்டமாக நினைத்ததில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழும் மழையைப் பதிவுசெய்வதற்காக நீங்கள் சொன்ன இரண்டு மணி நேரமும் ஃபேன் போடாமல், இருமல் வந்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பம்புசெட் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தத்தை வைத்து நீங்கள் செய்த இசையைப் பாண்டிச்சேரி அரங்கில் கேட்டபோது அழுதேன். சின்னதுரை அந்த வீடியோவை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டி, "எங்க அண்ணன் தண்ணியவே பாட வைக்கும்" என்பான். ஜெர்மனியிலிருந்து ஆறு மாத அழைப்பு வந்தபோது என்னைவிட அவன்தான் அதிகம் குதித்தான்.

போன வாரம் நீங்கள் கார்டை அனுப்பச் சொன்னீர்கள். பிப்ரவரி கண்காட்சிக்கு வேண்டும், தம்பியின் நினைவாகவே அதைப் படைக்கப் போகிறேன் என்றீர்கள். அனுப்புவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன்.

முக்கால்வாசி தண்ணீர்தான். பிறகு சேற்றில் கால் வைக்கும் சத்தம். அப்புறம் அவன் குரல், ரெக்கார்டரிலேயே உங்களுக்குச் சொல்கிறான். "ண்ணா, மரத்துலருந்து கழட்டிட்டேன். மெஷின் நல்லா இருக்குது." உடனே அவன் போன் அடிக்கிறது. அவன் பேசுவது மட்டும் கேட்கிறது. "சொல்லுண்ணா... எடுத்துட்டேன். இன்னும் அஞ்சு நிமிஷமா? தண்ணி ஏறிக்கினு இருக்குதுண்ணா... சரி, சரி. கிட்ட புடிச்சிக்கினு நிக்கிறேன்."

அதற்கு மேல் பதிந்திருப்பதை நான் எழுத மாட்டேன்.

நீங்கள் என்னிடம் இதைச் சொல்லவே இல்லையே. டிக்கெட் கிடைக்கவில்லை என்று சாவுக்கு வராமல் இருந்தீர்கள். காரியத்துக்கும் வரவில்லை. கார்டைக் கேட்டது அந்த ஆற்றுச் சத்தத்துக்காகவா, அந்தப் போன் பேச்சுக்காகவா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போய், பஸ் மாறி ஊருக்குப் போனேன். அத்தை கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஜெயத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். கடைசியைக் கேட்க வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். இயர்போனைக் கழற்ற மறுத்துவிட்டாள். முடிந்ததும் அழவில்லை. "அப்ப நான் அனுப்பி அவரு சாவல இல்லக்கா?" என்றாள். இல்லை என்றேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். பிறகுதான் என் மடியில் விழுந்து கத்தினாள்.

நான் கிளம்பும்போது கார்டைக் கையில் மூடிக்கொண்டாள். "அவரு கொரலு எங்கிட்ட இது ஒண்ணுதான்கா இருக்குது. இத எந்த ஊர்லயும் போடக் கூடாது. அத்தகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத. மாமாவே ஜெர்மனிலருந்து வந்து சொல்லட்டும்" என்றாள். உங்கள்மேல் ஒரு வசவுகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கண்காட்சியில் வேறு எந்தத் தண்ணீரையாவது வையுங்கள். வைக்காமல் போனாலும் போகட்டும். பொங்கலுக்குள் வர முடியாது என்று தெரியும். கிடைக்கிற முதல் டிக்கெட்டில் வாருங்கள். ஜெயத்தை அனுப்ப வேண்டாம் என்று அதுவரை அத்தையின் காலைப் பிடித்தாவது நிறுத்தி வைக்கிறேன். நீங்கள் சொல்லும்போது அத்தை உங்களை அடிக்கலாம். வாசற்படி ஏற விடாமலும் போகலாம். நான் கூட நிற்கிறேன்.

இதைப் படித்துவிட்டுத் தனியாக இருக்காதீர்கள். அறையில் கூட இருக்கும் நண்பரை எங்கும் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் அறைக்குப் பின்னால் பெரிய ஆறு ஓடுகிறது என்றீர்களே, அந்தப் பக்கம் நடக்கப் போகாதீர்கள். என் தாலிமேல் ஆணையாகக் கேட்கிறேன். கடிதம் வந்ததும், எந்த நேரமானாலும் போன் செய்யுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், மூச்சு விடும் சத்தம் கேட்டால் போதும்.

உங்களுக்காகக் காத்திருக்கும்
கிருஷ்ணவேணி