டம்ளரில் பிடித்த ஆறு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம். இங்கே நாங்கள் கரைகாவல் வேலை பார்க்கும் வால் நதி கரைமுட்ட ஓடுகிறது, பயப்படாதே.

நேற்று கரைக்கு ஊர்ப்பக்கம், அடியில் தண்ணீர் ஊற்றாகக் கொப்பளித்தது. பதறிப்போய் ஊற்றின் வாயிலேயே மணல்மூட்டையைப் போட்டேன். எங்கள் மேஸ்திரியம்மா ட்ரூஸ் கத்தினாள்: "அடைக்காதடி! வேற எடத்துல பிச்சுக்கும். கரைக்குள்ள பொதைச்ச வடிகட்டித் துணி மண்ணைப் புடிச்சுக்கும், தண்ணி போகட்டும்!" டம்ளரில் பிடித்துப் பார்த்தோம்; மணலே இல்லாமல் தெளிவாக இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அங்கே ஐசல் நதியும் ஏறுகிறதாமே. நம் ஊர்க் கரையில் அந்தத் துணியை இன்னும் புதைக்கவில்லையே. ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கசியும் தண்ணீரைத் தினமும் டம்ளரில் பிடித்துப் பார். அடியில் மணல் தங்கினால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம்; எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிடு.

ஹாரன் அடிக்கிறார்கள், ஓடுகிறேன். பதில் எழுது அம்மா.

உன் ஹெஸ்டர்