நிழலுக்கு நகர்த்தப்பட்ட போத்தல்கள்

அனுப்புநர்:
நவமணி த/பெ பிச்சைமுத்து,
உரிமம் பெற்ற மதுபானச் சில்லறைக் கடை,
சூலியா தெருப் பின்சந்து,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
மதுவிற்பனை உரிமம் மற்றும் அமலாக்கப் பிரிவு,
ஜார்ஜ்டவுன்.

பொருள்: 11.3.2025 அன்று என் கடையில் கைப்பற்றப்பட்ட 146 போத்தல்கள் குறித்தும், அவற்றில் ஒரு பகுதியை வெக்கையிலிருந்து அகற்றியதற்காக விளக்கம் கேட்கப்பட்டிருக்கும் அதிகாரி திரு. அஸ்லான் குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைத் தமிழில் எழுதியதற்குப் பொறுத்தருள வேண்டும். மலாய் மொழிபெயர்ப்பு இத்துடன் உள்ளது. அதைச் செய்து கொடுத்தவர் என் வாடிக்கையாளரும் ஓய்வுபெற்ற ஆசிரியையுமான குமுதா அவர்கள். ஆனால் நான் யோசிப்பது தமிழில்தான். தாங்களும் தமிழ் அறிந்தவர் என்று கேள்விப்பட்டதால், மூலத்தையே முதலில் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் இருந்த ஒரு ஹோட்டலின் உணவு மண்டபத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தேன். முதலில் மேசை துடைத்தேன், பிறகு பரிமாறினேன், கடைசிப் பதினோரு ஆண்டுகள் ஒயின் பரிமாறும் பொறுப்பில் இருந்தேன். போத்தலைத் திறந்ததும் அது கெட்டிருக்கிறதா என்று முகர்ந்து, உதடு நனையும் அளவுக்குச் சுவைத்துப் பார்ப்பது என் வேலை. அந்த வேலைக்கு ஒரு மூக்கு வேண்டும் என்பார் எங்கள் மேலாளர். எனக்கு அது இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஹோட்டல் மூடப்பட்டபின், என் சேமநிதியைக் கொண்டு, முறைப்படி உரிமம் எடுத்து இக்கடையைத் திறந்தேன். முஸ்லிம்களுக்கும் இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்கும் விற்பனை இல்லை என்ற பலகை வாசலிலேயே இருக்கிறது. அதை நான் மீறியதாக இதுவரை ஒரு குற்றச்சாட்டும் இல்லை.

2. என் கடையில் விலை குறைவு. புகார் எழுந்ததே அதனால்தான் என்பதால், அது எப்படி முடிகிறது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பெயர் வாய்க்குள் நுழையாத காரணத்தாலேயே விற்காமல் கிடக்கும் போர்த்துகீசிய சிவப்பு ஒயின்கள் உண்டு. தக்கைக்குப் பதில் திருகுமூடி போட்டிருப்பதால் மட்டம் என்று ஒதுக்கப்படுபவை உண்டு. பெரிய திராட்சைப் பண்ணைகள் தங்கள் இளம் கொடிகளின் ஒயினை வேறொரு சின்னப் பெயரில் விற்பதுண்டு. பழைய அட்டைப்பெட்டியில் தங்கிப்போன விஸ்கியும், எத்தனை ஆண்டு பழையது என்று வயது எழுதாத காரணத்தால் யாரும் திரும்பிப் பாராத விஸ்கியும் உண்டு. சீனப் புத்தாண்டு முடிந்த மறுவாரம் பரிசுப் பெட்டிகளில் மிஞ்சியவை உண்டு. பட்டர்வொர்த்தில் உள்ள இரண்டு மொத்த வியாபாரிகளின் கிடங்குகளுக்கு மாதம் இருமுறை படகேறிப் போய், குனிந்து நிமிர்ந்து, மூலையில் கிடப்பவற்றைப் புரட்டிப் பார்க்கிறேன். பத்து வகை சுவைத்தால் ஒன்று தேறும். தேறாத ஒன்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. மலிவான சரக்கு வேறு, விலை குறைந்த நல்ல சரக்கு வேறு, ஐயா. இரண்டையும் பிரித்தறிவதுதான் என் தொழில்.

3. இவற்றை வாங்க வருபவர்கள் பணக்காரர்கள் அல்லர். மேற்சொன்ன குமுதா அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதன்முறை வந்தபோது, கடைக்குள் நுழையத் தயங்கி வாசலிலேயே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: “நவமணி, என் பென்ஷனுக்கு அடங்குற மாதிரி நல்லதா ஒண்ணு காட்டும்மா. மீன் கறியோட ஒத்து வரணும்.” நாற்பத்திரண்டு ரிங்கிட்டுக்கு லேசான இனிப்புள்ள தென்னாப்பிரிக்க வெள்ளை ஒயின் ஒன்றைக் கொடுத்தேன். மறுவாரம் வந்து, “இவ்வளவு நாளா இதெல்லாம் நமக்கில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன்லா,” என்றார். மாதம் ஒரு போத்தல் வாங்குகிறார். அதை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வைத்துக்கொள்ளப் பார்த்தார். திறந்த ஒயின் அவ்வளவு நாள் தாங்காது என்று நான்தான் சொல்லித் தடுத்தேன்.

4. ஒரு பெண், அதுவும் கைம்பெண், இந்தத் தொழில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. தங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கணவர் கோகிலன் துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். தினம் குடிப்பவர் அல்லர். 2009ஆம் ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள், நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுக்க ஒரு விஸ்கி வேண்டும் என்று ஆசைப்பட்டார். கடை விலை கட்டுப்படியாகவில்லை. யாரோ ஒருவன் வீட்டுப் பின்புறத்தில் வைத்து விற்றதை வாங்கி வந்தார். போத்தலில் நல்ல பெயர்தான் ஒட்டியிருந்தது. நண்பர்களுக்குக் கொடுக்குமுன் சரியாக இருக்கிறதா என்று தான் மட்டும் குடித்துப் பார்த்தார். தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தவர், “மணி, கண்ணுல பனி இறங்குன மாதிரி இருக்கு. லைட்டு போட்டிருக்கியா?” என்று கேட்டார். வெளியே நல்ல வெயில். மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தார். ஹோட்டலில் ஊரார் போத்தல்களையெல்லாம் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான், என் வீட்டு மேசையில் இருந்ததை முகர்ந்து பார்க்கவில்லை.

ஆகவே, கள்ளச் சரக்கைத் தேடி அதிகாரிகள் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அதை நான் வரவேற்கிறேன். என் கடைக்குள் நுழைந்ததையும் வரவேற்றேன். என்மீது புகார் எழுதியவர் யார் என்று அறிய நான் விரும்பவில்லை. அவர் வீட்டிலும் ஒருவர் கண் மங்கிப் போயிருக்கலாம்.

5. மார்ச் 11ஆம் தேதி பிற்பகல் திரு. அஸ்லான் மேலும் இருவருடன் வந்தார். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த விலைக்கு இது எப்படி முடியும்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. புகார் வந்தா நாங்க பாக்காம இருக்க முடியாதுலா,” என்றார். நான் கொள்முதல் ரசீதுகளைக் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் நாற்பத்தெட்டுப் போத்தல்களில் வரி முத்திரை நனைந்து அழிந்திருந்தது. கப்பலில் தண்ணீர் புகுந்த ஒரு கொள்கலனிலிருந்து வந்த சரக்கு அது. உள்ளே இருப்பதற்குப் பழுதில்லை, வெளித்தாள்தான் பாழ். அதனால்தான் அது எனக்கு மலிவாகக் கிடைத்தது, அதே காரணத்தால்தான் அது அவர் கண்ணுக்குச் சந்தேகமாகவும் பட்டது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் எடுத்துத்தான் போயிருப்பேன். அதே விநியோகத்தில் வந்த மற்றவற்றையும் சேர்த்து 146 போத்தல்களைப் பட்டியலிட்டு எடுத்தார்கள்.

அது நோன்பு மாதம். தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர், தமக்கு விலக்கப்பட்ட ஒரு பொருளை, கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக இரு கையாலும் தூக்கி வைத்தார். ஒன்றுகூட உடையவில்லை. அன்று என் கடை முன் கூட்டம் கூடிவிட்டது. “நவமணி விஷம் வித்தாளாம்” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அது அவர் காதிலும் விழுந்தது. கூட்டத்தைப் பார்த்து, “சோதனைக்குத்தான் எடுக்கிறோம். தப்புன்னு யாரும் சொல்லல,” என்று உரக்கச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

6. பெருநாள் விடுமுறைக்குப் பின், ஏப்ரல் 8ஆம் தேதி, பட்டியலைச் சரிபார்க்க என்னைப் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் உள்ள தற்காலிகக் கிடங்குக்கு அழைத்தார்கள். தகரக் கூரை. சன்னல் இல்லை. பெட்டிமேல் கை வைத்தேன், சுட்டது. விஸ்கிக்கு அதனால் பெரிய கேடில்லை. ஒயின் அப்படியல்ல. ஒரு பெட்டியில் தக்கைகள் மேலெழும்பி, கழுத்து வழியே கசிந்து, பிசுபிசுத்து எறும்பு மொய்த்திருந்தது. முகர்ந்தேன். அடுப்பில் மறந்துபோன புளிக்கரைசல் போல வாடை. என்னையறியாமல் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“கெட்டுப் போச்சா அக்கா?” என்று கேட்டார் திரு. அஸ்லான்.

“இது போச்சு தம்பி. மத்ததுல பாதி இந்தச் சூட்டுல இன்னும் ஒரு வாரந்தான் தாங்கும்.”

அவரும் அடுத்த பெட்டிமேல் கை வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “எங்க அத்தா அத்தர் வித்தவரு. வெயில்ல ஒரு புட்டிய வச்சாக்கூட ஏசுவாரு. மணம் செத்துப் போச்சுன்னா திரும்ப வராதும்பாரு.” மேலிடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். இருமுறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. அதன்பின் தாமே தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, கெடாதிருந்த ஒன்பது பெட்டி ஒயினையும் அடுத்த கட்டடத்தில் இருந்த குளிரூட்டிய ஆவண அறைக்கு மாற்றினார். முத்திரை எதையும் பிரிக்கவில்லை. நான் உதவப் போனபோது, “நீங்க தொடக் கூடாது அக்கா, நாளைக்கு உங்களுக்குத்தான் பிரச்சினை,” என்று தடுத்துவிட்டார். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதினார். கிடங்கின் வெப்பம், கசிந்த போத்தல்களின் எண்ணிக்கை, மாற்றிய நேரம், மாற்றிய இடம் ஆகியவற்றை எழுதிக் கீழே தம் கையெழுத்தையும் போட்டார்.

7. ஏப்ரல் 21ஆம் தேதி சோதனை முடிவு வந்தது. எடுத்த மாதிரிகள் அனைத்தும் சுத்தமானவை என்று அவரே தொலைபேசியில் தெரிவித்தார். கெடாத போத்தல்கள் மறுவாரம் திரும்பி வந்தன; எழுத்து வடிவில் மட்டும் எனக்கு இன்றுவரை எதுவும் வரவில்லை. அதைக் கேட்க மே 6ஆம் தேதி அலுவலகம் வந்தேன். அவர் இருக்கையில் வேறொருவர் இருந்தார். திரு. அஸ்லான் பின்னறையில் பழைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன், சொல்ல மறுத்தார். நான் போகாமல் நின்றதால் சொன்னார். கைப்பற்றிய பொருளை அனுமதியின்றி இடம் மாற்றியதற்காகவும், வியாபாரிக்குச் சாதகமாக நடந்ததாகக் கருதியும், விளக்கம் கோரும் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். “உங்க வேலை முடிஞ்சா போதும் அக்கா. என்னோடத நான் பாத்துக்கிறேன்,” என்றார். அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். பதவி உயர்வுக்கான நேர்காணல் வரும் ஜூன் மாதம் இருக்கிறதாம். அதைப் பக்கத்து மேசைக்காரர்தான் சொன்னார். திரு. அஸ்லான் சொல்லவில்லை.

8. கெட்டுப்போன ஒயின்களுக்கு இழப்பீடு கோரி ஏப்ரல் மாதமே நான் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். சட்ட உதவி வழக்கறிஞர் அதைப் பார்த்துவிட்டு, எனக்குச் சாதகமான வலுவான ஆதாரம் ஒன்றே ஒன்றுதான், அது திரு. அஸ்லான் எழுதிய பதிவு என்றார். கிடங்கு எப்படி இருந்தது என்று சொல்லும் அதே பக்கம்தான், அவர் அனுமதியின்றிப் பெட்டிகளை மாற்றினார் என்பதற்கும் சாட்சி. என் விண்ணப்பம் நடந்தால் அப்பக்கம் விசாரணைக்கு விசாரணை எடுத்து வைக்கப்படும். நான் வென்றால், என்னை வெல்ல வைத்தார் என்ற பழி அவர்மேல் ஏறும்.

இரண்டு நாள் யோசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒயின்களை நான் எங்கிருந்தோ அள்ளிக்கொண்டு வரவில்லை. ஒவ்வொன்றையும் சுவைத்துத் தேர்ந்தேன். இன்னாருக்கு இது பிடிக்கும் என்று மனத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். அது போனது வலிக்கிறது. ஆனாலும், மீதியிருந்ததைக் காப்பாற்றிய ஒருவரை விட்டுக்கொடுத்து அதைத் திரும்பப் பெற எனக்கு மனம் வரவில்லை. இழப்பீட்டு விண்ணப்பத்தை விலக்கிக்கொள்ளும் கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

9. எனவே நான் வேண்டுவன:

(அ) திரு. அஸ்லான் மீதான நடவடிக்கையைக் கைவிட வேண்டும். அவர் எனக்குச் சலுகை காட்டவில்லை. என்னைச் சந்தேகித்து, என் பொருளை எடுத்துச் சென்று, சோதனைக்கு அனுப்பியவர் அவர்தான். குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரின் பொருள் கெடாமல் பார்த்துக்கொண்டது மட்டுமே அவர் செய்த கூடுதல் வேலை. தேவைப்பட்டால் தங்கள் முன் வந்து நேரில் சொல்லவும் தயார்.

(ஆ) சோதனை முடிவை எழுத்தில் தர வேண்டும். அதைக் கடை வாசலில் ஒட்டுவேன். விஷம் விற்றவள் என்ற பேச்சு என் கணவர் பெயரோடு சேர்ந்து ஊரில் உலவுவதை என்னால் தாங்க முடியவில்லை.

(இ) இனிமேல் யாருடைய ஒயினைக் கைப்பற்றினாலும், முடிவு தெரியும்வரை அதைத் தகரக் கூரையின்கீழ் வைக்காதிருக்க ஆவன செய்ய வேண்டும்.

இம்மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே இடமுண்டு என்றால், (அ)வை எடுத்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டு விண்ணப்பத்தை விலக்கிக்கொள்ளும் கடிதத்துக்கு நான் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. இன்று காலை குமுதா அவர்கள் சாட்சியாகக் கையெழுத்திட, நானும் இட்டுவிட்டேன். தங்கள் முடிவு எதுவாக இருந்தாலும் அந்தக் கையெழுத்து அப்படியே இருக்கும்.

பொறுமையோடு படித்தமைக்கு நன்றியும் வணக்கமும் கூறி,

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
நவமணி த/பெ பிச்சைமுத்து

இடம்: ஜார்ஜ்டவுன்
நாள்: 19.5.2025

இணைப்புகள்: கொள்முதல் ரசீதுகளின் நகல், கைப்பற்றல் பட்டியல், இழப்பீட்டு விண்ணப்பத்தை விலக்கிக்கொள்ளும் கடிதம், மலாய் மொழிபெயர்ப்பு.