தொட்டியில் நடுப்பகல்

வியாழன், இரவு.

இந்த வாரம் என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். அதனால் வீட்டில் இரவும் பகலும் இடம் மாறிவிட்டன. கடல்மீன் தொட்டியில் இருக்கிற பவளத்தை எதுவோ இருட்டில் வந்து தின்கிறதாம். அதைக் கண்டுபிடிக்க, தான் வீட்டில் இருக்கிற பகல் தொட்டிக்கு இரவாகும்படி ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டு, தொட்டி விளக்கு இரவில் எரியும்படி டைமரை மாற்றி வைத்திருக்கிறார். தூங்காமல், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறார். சிவப்பு வெளிச்சம் அந்த ஜந்துகளுக்குத் தெரியாதாம்.

மத்தியானம் அந்த இருட்டில் வாளி தடுக்கி விழுந்தேன். கால் நகம் பெயர்ந்துவிட்டது.

"இன்னாடி இது? சத்தம் போட்டு எல்லாத்தையும் உள்ள ஓட வுட்டியே!" என்றார்.

"காலப் பாருங்க, ரத்தம் வருது."

"அத்த அப்புறம் பாத்துக்கலாம். இப்பதான் ஒரு புழு தலைய நீட்டுச்சு. அதான் திருடன்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போய்விட்டார். கால்விரல் விண்விண்ணென்று தெறித்ததில் எனக்குத் தூக்கம் வரவில்லை. தொட்டி மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. எரிச்சலில் விளக்கை அணைத்துவிட்டு, அவருடைய டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கல்லிடுக்கிலிருந்து வெளியே வந்தது புழு இல்லை. அவர் தன் கையால் இறால் ஊட்டுகிற செல்ல நண்டு. நிதானமாகப் பவளத்தைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது.

காலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியைத்தான் பார்ப்பார். நான் சொல்ல மாட்டேன். தின்னட்டும்.